குளிருக்கும் ஒரு மடை வேண்டும்

(மலைக் கிராம உழவர்களின் கூட்டமொன்றில் நீலகிரி மாவட்டத்து வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வேளையில் உதகைப் பக்கத்துப் புல்வெளிகளில் உப்பைத் தூவினாற்போல் வெண்மை படர்ந்திருப்பதைக் காண்பதற்காகத் தொலைதூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் தலைகுந்தாவுக்கும் காந்தலுக்கும் வருகின்றனர். அவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. அதே வெண்மை தம்முடைய உருளைக்கிழங்கு வயலின்மேல் படிந்திருக்கக் காணும் குடியானவருக்கோ, அது பல மாத உழைப்பின் இழப்பு. வெயில் ஏறியதும் புல்வெளி பழையபடி பசுமையாகிவிடும். வயலோ நண்பகலுக்குள் வெந்த கீரைபோல் துவண்டு, மறுநாள் கருகிக் கிடக்கும்.

இந்தக் கேட்டினை "விதி" என்றும் "பனி அடித்துவிட்டது" என்றும் சொல்லிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. குளிரை முற்றிலும் விலக்க மனிதனால் இயலாது என்பது உண்மையே. ஆயினும் குளிர் எவ்வாறு வருகின்றது, எவ்வழியே செல்கின்றது, உயிருள்ள பொருளுக்குள் புகுந்து என்ன செய்கின்றது என்பவற்றை அறிந்துகொண்டோமானால் இழப்பின் ஒரு பகுதியையாவது தவிர்க்கலாம். அறியாமல் செய்யும் நற்பணியும் தீங்காக முடியலாம். இதற்கு என்னுடைய தவறு ஒன்றே சான்றாக இருப்பதால், அதனையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லப்போகின்றேன்.

குளிர் வரும் வழி

பகலில் சூரிய வெப்பத்தை நிலம் வாங்கிக்கொள்கின்றது. இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிடுகின்றது. வானத்தில் மேகம் இருந்தால், அது கம்பளிபோல் நின்று வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நம் மலைகளில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்துவிடுகின்றது. அப்பொழுது நிலம் இழக்கும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. காற்றும் அசையாது நின்றுவிட்டால், தரையை ஒட்டிய காற்று மேலேயுள்ள காற்றோடு கலக்காமல் மேன்மேலும் குளிர்ந்துகொண்டே போகும். ஆகவே தெளிந்த வானம், ஓய்ந்த காற்று, வறண்ட காற்று ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் மாலையே நாம் அஞ்ச வேண்டிய மாலை.

வறண்ட காற்று என்று ஏன் சொன்னேன்? காற்றில் ஈரம் இருந்தால் அது பனித்துளியாகப் படியும். நீராவி நீராக மாறும்பொழுது வெப்பத்தை வெளிவிடும். அதனால் குளிர்வது மெதுவாகும். இலைமேல் துளித்துளியாய் நிற்கும் நீர்ப்பனி நமக்குப் பகையன்று. ஈரமே இல்லாத இரவில், வெண்மை சிறிதும் படியாமலே பயிர் கருகிவிடுவதும் உண்டு. வெண்மையைக் காணவில்லை என்பதால் உறைபனி இல்லை என்று எண்ணிவிடலாகாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வானிலை நிலையத்தார் அறிவிக்கும் வெப்பநிலை, தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரக்கூட்டினுள் வைத்த வெப்பமானியில் பார்த்ததாகும். அதே வேளையில் திறந்த வெளியில் தரைமட்டப் புல்லின் வெப்பநிலை அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கக்கூடும். "இன்று 3 டிகிரி" என்று செய்தியில் சொன்னால், உங்கள் நாற்றங்காலில் அது பூஜ்யமாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம்.

இனி, குளிர்ந்த காற்றைப் பற்றிய முக்கியமான செய்திக்கு வருகின்றேன். குளிர்ந்த காற்று கனமானது. கனமான பொருள் கீழ்நோக்கிப் பாயும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று, கண்ணுக்குத் தெரியாத நீரோடைபோல் மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்குகின்றது. பொதுவாக உயரே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது நாமெல்லோரும் அறிந்ததே. உறைபனி இரவில் மட்டும் அந்த விதி தலைகீழாகிவிடுகின்றது. மேட்டிலுள்ள தேயிலை தப்பிவிட, ஓடைக்கரைக் காரட்டும் உருளைக்கிழங்கும் கருகுவதற்குக் காரணம் இதுவே. நீர்ப்பாசன வசதி உள்ள நிலமெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றது; நாம் நீர்ப்போக உருளைக்கிழங்கை ஊன்றுவதும் தை, மாசி மாதங்களில். நல்ல நீர் கிடைக்கும் இடமே கடுங்குளிர் தேங்கும் இடமாகவும் அமைந்திருப்பதுதான் நம் மலை விவசாயத்தின் சங்கடம்.

நான் கற்றுக்கொண்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு சிற்றூர். அங்குப் பள்ளத்து வயல்களில் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் புகுந்து பயிரை அழித்துவந்தன. ஊரார் முறையிட்டனர். வயல்களின் கீழ்க்கோடியில் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கற்சுவரும், அதனை அடுத்து நெருக்கமான உயிர்வேலியும் அமைப்பதென்று முடிவாயிற்று. ஊராரும் உழைப்பைத் தந்தனர். வேலை முடிந்த அன்று அந்தச் சுவரருகில் நின்று நானே பெருமையாகப் பேசினேன். வேலியும் இரண்டே ஆண்டுகளில் ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்துவிட்டது. விலங்குகளின் தொல்லையும் குறைந்தது.

அதற்கு அடுத்த தை மாதத்தில் ஒருநாள் காலை ஊரிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். சுவருக்கு மேற்புறமுள்ள வயல்களில் உருளைக்கிழங்குச் செடிகள் அனைத்தும் கருகிக் கிடந்தன. சரிவின்மேல் ஓரளவு உயரம் ஏறியபின், கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல் பசுமை தொடங்கியது. சுவருக்குக் கீழ்ப்புறத்தில் இருந்த சிறிய பூண்டுப் பாத்தியில் சேதம் சொற்பமே. அந்தக் கருகிய வயல்களில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு விதவைத் தாய். காதணியை அடகு வைத்து விதைக்கிழங்கு வாங்கியவர். அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அங்கிருந்த முதியவர் ஒருவர் சுவரையும் வயலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஐயா, தண்ணீர் போவதற்குச் சுவரில் மடை வைத்தீர்கள். குளிர் போவதற்கு மடை வைக்கவில்லையே!" என்றார்.

நான் பட்டம் பெற்றவன், பயிற்சியும் பெற்றவன். குளிர்ந்த காற்று கீழ்நோக்கிப் பாயும் என்பதைப் புத்தகத்தில் படித்தும் இருக்கின்றேன். ஆயினும் சுவருக்கு இடம் குறித்த நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை. ஏரிக்கரை நீரைத் தேக்குவதுபோல் அந்தச் சுவரும் வேலியும் குளிர்ந்த காற்றைத் தேக்கிவிட்டன. பன்றியைத் தடுத்த நற்பணி பனியைப் பிடித்து நிறுத்தியது.

பிறகு ஊராரைக் கூட்டிப் பேசினோம். சுவரைச் சில இடங்களில் திறந்து, விலங்கு புகாதபடி அங்கே இரும்புக் கம்பிச் சட்டங்களைப் பொருத்தினோம். உயிர்வேலியின் அடிப்பகுதியைக் கழித்துக் காற்று ஊடுருவிச் செல்லும்படி விட்டோம். அடுத்த பனிக்காலத்தில் சேதம் குறைந்தது, அடியோடு நீங்கிவிடவில்லை. அந்த அம்மையாரின் ஓராண்டு இழப்பை எங்களால் திருப்பித் தர முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிருக்குள் நிகழ்வது என்ன?

நீர் உறைந்தால் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். அதனால் பனிக்கட்டி விரிந்து செடியின் உயிரணுக்களை வெடிக்கச் செய்கின்றது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நிகழ்வது வேறு.

செடியின் உடல் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு உயிரணுக்களால் ஆனது. அவற்றுக்கு இடையே இடைவெளிகள் உண்டு. குளிர் மிகும்பொழுது பனிக்கட்டி முதலில் அந்த இடைவெளிகளில்தான் தோன்றுகின்றது. தோன்றியபின் அது அணுக்களுக்குள் இருக்கும் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டே வளர்கின்றது. மாவடுவில் உப்பிட்டால் அதன் நீர் வெளியேறி வடு சுருங்குகின்றதல்லவா? அதைப்போலவே உயிரணுவும் நீரை இழந்து சுருங்குகின்றது. அதனைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு சிதைகின்றது. ஆகவே குளிரால் மடியும் செடி, உண்மையில் ஒருவகையில் வறட்சியால் மடிகின்றது எனலாம். குளிர் மிக வேகமாகத் தாக்கி உயிரணுவுக்குள்ளேயே பனிக்கட்டி உண்டாகிவிட்டால் அந்த அணு பிழைப்பதில்லை. சவ்வு சிதைந்த இலையைச் சூரியன் தொட்டதும் நீர் கசிந்து வெளியேற, இலை துவண்டு கருகுகின்றது. நாம் வெயிலைக் குறை கூறுகின்றோம். கேட்டின் பெரும்பகுதி இரவிலேயே நடந்து முடிந்துவிட்டது. வெயில் அதனை வெளிக்காட்டுகின்றது.

உருளைக்கிழங்கின் தாயகமாகிய தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் இந்த உண்மையை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்து பயன்படுத்தினர். அவர்கள் கிழங்குகளை உறைபனி இரவில் திறந்த வெளியில் பரப்பி வைக்கின்றனர். பகலில் அவை இளகியதும் காலால் மிதித்து நீரை வெளியேற்றுகின்றனர். பல நாட்கள் இவ்வாறு செய்து காயவைத்த கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். 'சூன்யோ' என்பது அதன் பெயர். நம் வயலை அழிக்கும் அதே வினையை அவர்கள் உணவைக் காக்கும் முறையாக ஆக்கிக்கொண்டனர்.

பூஜ்யம் டிகிரியை எட்டியவுடனே செடியின் சாறு உறைந்துவிடுவதில்லை. பனிக்கட்டி உருவாவதற்கு ஒரு தொடக்கம், தயிருக்கு உறைமோர் வேண்டியிருப்பதுபோல், வேண்டும். அது இல்லாவிடில் சாறு பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரையிலும் உறையாமலே இருக்கக்கூடும். இலைகளின்மேல் வாழும் சிலவகை பாக்டீரியாக்கள் இந்த உறைமோரின் வேலையைச் செய்கின்றன. அந்த ஆற்றல் நீக்கப்பட்ட பாக்டீரியாவை 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டிராபெரி வயலிலும் உருளைக்கிழங்கு வயலிலும் தெளித்து ஆராய்ந்தனர். உருளைக்கிழங்கு இலை பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று அல்லது இரண்டு டிகிரியிலேயே சேதமடைந்துவிடுவதால், ஓரிரண்டு டிகிரியைக் காப்பாற்றிக் கொடுத்தாலும் அது நமக்குப் பெரிய உதவியே. இதனை மறவாதிருங்கள். நாம் செய்யக்கூடிய தற்காப்புகள் எல்லாம் அந்த ஓரிரண்டு டிகிரிக்காகவே.

பனிக்கட்டியில்லாத குளிர்

உறையும் அளவுக்குச் செல்லாத குளிரும் சில உயிர்களுக்குக் கேடு செய்யும். கார்த்திகை, மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடுகின்றது, நல்லெண்ணெய் கட்டியாவதில்லை. உயிரணுவின் சவ்வும் கொழுப்பினால் ஆனதே. வெப்பநாட்டுப் பயிர்களின் சவ்வு, குளிரில் தேங்காயெண்ணெய்போல் விறைத்துவிடும் தன்மையது. குளிர்நாட்டுப் பயிர்களின் சவ்வு நல்லெண்ணெய்போல் இளக்கமாகவே இருக்கும். சவ்வு விறைத்தால் உள்ளே இருக்க வேண்டியவை கசியும்; உயிர்த்தொழில் சீர்குலையும்.

இதற்கு வாழை நல்ல எடுத்துக்காட்டு. 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காயைச் சில நாட்கள் வைத்தால், அதன் தோல் மங்கிப் பழுப்பேறும். பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. கப்பலில் வாழை ஏற்றுவோர் 13, 14 டிகிரியைக் காத்துக்கொள்வது இதனாலேயே. மாங்காயும் செங்காய்த் தக்காளியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஆப்பிளோ பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். ஆதலால் "குளிர்பதனக் கிடங்கு கிடைத்துவிட்டது, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிடலாம்" என்று எண்ணுவது பெருந்தவறு. நீங்கள் விளைவிக்கும் உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கிழங்குக்கு 2 முதல் 4 டிகிரி குளிர் ஏற்றது. சமையலுக்கும் வறுவலுக்கும் உரிய கிழங்கை அவ்வளவு குளிரில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறும். எண்ணெயில் இட்டதும் கறுத்துவிடும். வியாபாரி விலையைக் குறைப்பார்.

சமவெளி நெல்லுக்கும் இந்த இடர் உண்டு. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் மகரந்தம் உருவாகும் பருவத்தில் கடுங்குளிர் தாக்கினால், செடி பார்ப்பதற்குச் செழுமையாக இருந்தும் மணிகள் பதராகிவிடும். 1993ஆம் ஆண்டில் ஜப்பானில் கோடைகாலம் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்ததனால் நெல் விளைச்சல் இயல்பைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. வெளிநாட்டு அரிசியை அவர்கள் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அங்கு வயலில் ஒரு துளியும் உறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குளிரை முழுப் பகைவனாகவும் கருத வேண்டியதில்லை. ஆப்பிள், பேரி, பிளம்ஸ் ஆகிய மரங்கள் குளிர்காலத்தில் போதிய நாட்கள் குளிரில் உறங்கினால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் பூக்கும். சிறிது சிறிதாகக் குளிர்ந்துவரும் பருவத்தில் செடிகள் தம் சாற்றில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு உடலை உரப்படுத்திக்கொள்கின்றன. குளிர்காலத்து முட்டைக்கோசும் காரட்டும் இனிப்பது இதனாலேயே. படிப்படியாக வரும் குளிரைத் தாங்கும் செடி, திடீரென்று வரும் குளிரில் மடிகின்றது. பனிக்காலத்துக்குச் சற்று முன்பு தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இளந்தளிர் மிகுதியாக வெடிக்கும். முதல் உறைபனிக்கு முதலில் பலியாவது அந்தத் தளிரே. அக்காலத்தில் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைப் போதிய அளவு கொடுப்பது நலம்.

கன்றும் குஞ்சும் நாமும்

ஆடுமாடுகளும் மனிதரும் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கின்றோம். அதற்கு எரிபொருள் உணவே. பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனி சற்றுக் கூடுதலாக வேண்டும். ஈன்ற கன்றின் உடல் ஈரத்தை உடனே துடைத்து, காலம் தாழ்த்தாமல் சீம்பாலைக் குடிக்கச் செய்ய வேண்டும். வெறும் குளிரைக்காட்டிலும் ஈரமும் காற்றும் சேர்ந்த குளிரே கொடியது. கொட்டகையில் உலர்ந்த வைக்கோலும், காற்று நேராக அடிக்காத ஒரு மறைப்பும் இருந்தால் பல கன்றுகள் பிழைக்கும். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுகள் விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கினால் குளிர் போதாதென்று பொருளன்று. வெப்பம் போதவில்லை என்று பொருள். விலகி ஓடினால் வெப்பம் மிகுதி.

மனித உடலின் வெப்பநிலை 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முதியோரும் கைக்குழந்தைகளும் அதிகக் கவனத்துக்குரியவர்கள். இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பிள்ளைகளுக்குக் கம்பளி ஒன்று கூடுதலாகப் போர்த்துங்கள். கரியை வெளியே வையுங்கள்.

மாலைக்குள் செய்ய வேண்டியவை

உறைபனியை எதிர்க்கும் வேலையெல்லாம் சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்க வேண்டியவை.

ஈரமான மண் பகல் வெப்பத்தை மிகுதியாக வாங்கிச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும். வறண்ட பொருபொருத்த மண்ணுக்கு அந்தத் திறன் குறைவு. ஆகவே முன்னாளிலோ அன்று முற்பகலிலோ வயலுக்கு நீர் பாய்ச்சுங்கள். அந்நாட்களில் மண்ணைக் கொத்திக் கிளறாதீர்கள். செடியின் அடியில் தரையை மூடிப் பரப்பிய வைக்கோல், மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுத்துவிடுவதால் மேலேயுள்ள இலைகள் கூடுதலாகக் குளிரும். வேறு காலத்தில் மிக நல்லதாகிய மூடாக்கு, உறைபனி நாட்களில் இடையூறாகலாம். வைக்கோலைச் செடியின் அடியிலிருந்து விலக்குங்கள், செடியின்மேல் மூடுங்கள்.

இளந்தேயிலையையும் நாற்றங்கால்களையும் பெரணித் தழையாலும் காய்ந்த புல்லாலும் மூடுவது நம் பெரியோர் கண்ட முறை. இன்றும் அதனினும் எளியது இல்லை. மாலை வெப்பம் மண்ணில் இருக்கும்பொழுதே மூட வேண்டும். துணியோ நெகிழித்தாளோ கொண்டு மூடினால் அது இலையைத் தொடாதபடி குச்சி நட்டுத் தூக்கி நிறுத்துங்கள். காலையில் வெயில் ஏறியதும் நெகிழித்தாளை எடுத்துவிடுங்கள்.

நீர் தெளிக்கும் முறையைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்பொழுது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகின்றது. விடாமல் நீர் தெளித்துக்கொண்டே இருந்தால், உறைந்துகொண்டிருக்கும் நீரே இலையைப் பூஜ்யத்தை ஒட்டி நிறுத்திக் காக்கும். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 600 கலோரி வெப்பம் தேவை. தெளிப்பதை நடுவில் நிறுத்திவிட்டால் ஈரம் ஆவியாகி இலையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அந்த வயல், நீரே தெளிக்காத வயலைவிடக் கூடுதலாகச் சேதப்படும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுமுன் தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானே உருகும்வரை தெளிக்க இயலுமா என்று முதலில் கணக்கிடுங்கள். கிணற்றில் அவ்வளவு நீர் உண்டா? மின்சாரம் நின்றால் மாற்றுவழி உண்டா? ஐயமிருந்தால் தொடங்காமல் இருப்பதே மேல்.

புகை போடுவதைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். நிலத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தை மேகம் தடுப்பதுபோல் புகை தடுப்பதில்லை. அதனால் விளையும் பயன் சிறிது. கண்ணுக்கும் மார்புக்கும் விளையும் தீங்கு பெரிது.

சேதம் நேர்ந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். கருகியதைக் கண்ட மறுநாளே கத்தியை எடுத்துத் தேயிலையைக் கவாத்து செய்துவிடாதீர்கள். எதுவரை உயிர் இருக்கின்றது என்பது சில வாரங்களில்தான் தெளிவாகும். அவசரப்பட்டு வெட்டினால் புதிய தளிர் வெளிவந்து அடுத்த பனியில் மாட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்குச் செடியின் மேற்பகுதி கருகியிருந்தாலும் மண்ணுக்குக் கீழேயிருந்து மீண்டும் துளிர்ப்பது உண்டு. சில நாட்கள் பொறுத்துப் பாருங்கள். சேதத்தைக் காலதாமதமின்றிக் கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறையினருக்கும் தெரிவியுங்கள்.

ஊரே செய்ய வேண்டியது

1975ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் உறைபனி தாக்கியது. அந்த மாநிலமெங்கும் காப்பித் தோட்டங்கள் கருகின. அடுத்த ஆண்டில் அங்கே காப்பி அறுவடை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. உலகெங்கும் காப்பி விலை ஏறியது. பல தோட்டங்கள் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறின. காப்பிக்கு வேண்டிய அளவு ஆட்கள் அந்தப் பயிர்களுக்கு வேண்டாமையால் தொழிலாளர் குடும்பங்கள் திரள்திரளாக ஊரைவிட்டுப் போயின. குளிர் கொன்றது செடிகளை, கலைந்தவை கிராமங்கள். ஒரே பயிரை நம்பி ஓர் ஊர் முழுவதும் வாழ்வதில் உள்ள அபாயத்தை இது காட்டுகின்றது.

ஆகையால் தனித்தனியாக நாம் செய்யும் தற்காப்பு போதாது. தண்ணீரைப் போலவே குளிரும் வரப்பைப் பார்ப்பதில்லை. மேல் வயற்காரர் போடும் வேலி கீழ் வயற்காரரைக் காக்கலாம். கீழ் வயற்காரர் எழுப்பும் சுவர் மேல் வயற்காரரைக் கெடுக்கலாம். வாய்க்காலுக்கு முறைவைத்து நீர் பங்கிடும் நாம், குளிர் செல்லும் வழியையும் ஊர்ப் பொதுவாகக் கருத வேண்டும். பனிக்காலம் தொடங்குமுன் ஒருநாள் ஊரார் ஒன்றுகூடிப் பள்ளத்தாக்கின் மேலிருந்து கீழ்வரை நடந்து பாருங்கள். எங்கே வேலி அடர்ந்துள்ளது, எங்கே சுவர் மறிக்கின்றது, எந்த வயல் ஆண்டுதோறும் முதலில் கருகுகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வயலில், பயிரின் உயரத்தில், குறைந்த அளவு வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி ஒன்றை நட்டு வையுங்கள். அதனைத் தினமும் பார்த்து எழுதும் பொறுப்பைப் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். இரண்டு மூன்று பனிக்காலக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால், உங்கள் ஊருக்கு எந்த மாலை அபாயமானது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இரார். பள்ளத்தில் குளிரைத் தாங்கும் முட்டைக்கோசும் பூண்டும், மேட்டில் குளிருக்கு அஞ்சும் பயிரும் என்று பயிர்களை மாற்றி அமைப்பதையும் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டே முடிவு செய்யலாம்.

இறுதியாக ஒன்று. ஊராட்சி ஒன்றியத்தின் வேலையாக ஒரு சுவரோ சாலையோ உங்கள் பள்ளத்தின் குறுக்கே வருமானால், அதற்கு இடம் குறிக்கும் நாளிலேயே வந்து நில்லுங்கள். அதிகாரி படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். "தண்ணீருக்கு மடை எங்கே, குளிருக்கு மடை எங்கே?" என்று கேளுங்கள். அன்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியை, சுவர் எழுவதற்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தால் ஒரு தாயின் ஓராண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும். இப்பொழுது நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கின்றேன். நீங்களும் கேட்கத் தயங்க வேண்டாம்.